தலை நுழையாத சட்டை

சித்ரகலாவுக்கு அன்று யாரையும் துப்பறியப் பிடிக்கவில்லை. முழங்கால் வலித்தது. மின்சாரம் போய் ஃபேன் நின்றுவிட்டது. கீழ்க்கடை ஜெனரேட்டரின் அதிர்வில் 'கலா டிடெக்டிவ்ஸ்' அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடி ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. 2009 முடியப் போகும் நேரம். திருப்பூரில் ஆர்டர் குறைந்து, நூல் விலை ஏறி, பாதி கம்பெனிகள் சனிக்கிழமையும் விடுமுறை விட்டுக்கொண்டிருந்தன. சந்தேகத்துக்கு மட்டும் ஊரில் பஞ்சமில்லை. ராயபுரத்து மாடி அறையில் உட்கார்ந்து அதை வைத்துத்தான் அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறாளா என்று கேட்டுக் கேட்டு, மனிதர்களின் மேல் இருந்த ஆர்வமே அவளுக்கு வற்றிப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கொண்டுவந்ததோ வேறு மாதிரியான புகார்.

அவர் பெயர் வேலுமணி. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் குழந்தைகளுக்கான சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிறவர். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. மேஜை மேல் இரண்டு சின்னச் சட்டைகளை விரித்து வைத்தார்.

"பாருங்க அம்மிணி. இது நம்முது. சாம்பிள் மட்டுந்தான் போட்டிருக்கறோம். இது எவனோ போட்டிக் கம்பெனிக்காரன் போட்டது, எவன்னு தெரியலை. அவன் கடைக்கே அனுப்பீட்டான்."

இரண்டிலும் ஒரே படம். ஒரு வாத்து, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குடை பிடித்து நிற்கிறது. வேலுமணியின் வாத்து மஞ்சள், குடை சிவப்பு. போட்டிக்காரனின் வாத்து பச்சை, குடை பழுப்பு.

சித்ரகலாவின் உதவியாளன் முனீஸ் எட்டிப் பார்த்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நாலைந்து பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு, வாய் நீளத்தால் எல்லா இடத்திலும் வெளியேற்றப்பட்டவன்.

"அக்கா, இந்த வாத்துக்கு மஞ்சக்காமாலை. அந்த வாத்து கெட்டுப்போன புரோட்டாவைத் தின்னுருக்கு."

வேலுமணி சிரிக்கவில்லை. "சரக்கு வாங்கற ஃபாரின் பயர் ஆர்டர் வேண்டாம்ட்டான். 'இந்த டிசைன் ஏற்கெனவே மார்க்கெட்ல இருக்குது'ங்கறான். நாங்க இன்னும் துணியே வெட்டலீங்க."

"யாரு மேல சந்தேகங்ணா?" என்றாள் சித்ரகலா.

"சந்தேகமென்னங்க, தெரிஞ்சதுதான். நாகஜோதின்னு, ஆர்டர் வேலையெல்லாம் பாக்கற நம்ம மெர்ச்சண்டைசர் புள்ளை. டிசைனெல்லாம் அவ கம்ப்யூட்டர்ல இருக்குது. அவ பார்க்கறா, நான் பார்க்கறேன். நானே எனக்குத் துரோகம் பண்ணிக்குவனுங்களா? நேத்தே ஊட்டுக்கு அனுப்பீட்டேன். நாளைக்கு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். யாருகிட்ட வித்தாள்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"வித்தாள்னு முடிவே பண்ணீட்டீங்க."

"தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கறா. செலவிருக்குமல்லங்க?"

"கல்யாணம் வெச்சவங்கல்லாம் திருடுனா எங்க ஆபீஸ்ல நிக்க இடமிருக்காதுங்ணா," என்றாள் சித்ரகலா. "சட்டை ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

அவர் படியிறங்கிப் போன பிறகும் அவள் பச்சை வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலரை மாத்திட்டா மாட்ட மாட்டோம்னு நெனச்சிருப்பாய்ங்கக்கா," என்றான் முனீஸ்.

"பச்சையில வாத்து பாத்திருக்கறயா நீ? மாத்தறவன் வெள்ளையாக்கியிருப்பான், ஆரஞ்சாக்கியிருப்பான். இவன் மாத்தலை முனீசு. தெரியாம யூகிச்சிருக்கறான்." சித்ரகலா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியை எடு. அந்தப் புள்ளையைப் பாத்துட்டு வந்தரலாம்."

*

நாகஜோதியின் குடும்பம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தது. வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான குழாய். முனீஸ் ஸ்கூட்டரை நிறுத்தியதும் குழாயடியில் பேச்சு நின்றது. அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த நாகஜோதியின் அப்பா பெரியகருப்பன் எழுந்திருக்கவில்லை.

"விசாரிக்க வந்தீகளா? விசாரிங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரக காலையிலயே போன் போட்டு விசாரிச்சிட்டாக. 'பொண்ணு மேல கேஸா?'ன்னாக. நான் என்னத்தச் சொல்ல?"

உள்ளே நாகஜோதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அழவில்லை.

"அழுது முடிச்சிட்டேன்க்கா. இனிமே தெம்பு இல்ல. என்ன கேக்கணுமோ கேளுங்க."

"டிசைன் உங்கிட்ட இருந்து எங்கெங்க போகும் கண்ணு?"

"எங்கயும் போகாது. படம் போட்டு அளவெல்லாம் குறிச்ச ஷீட்டு என் கம்ப்யூட்டர்ல இருக்கும். சாருக்குக் கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கிடாது. அதனால அவரோட சிலேட்டுக்கு மெயில் போட்டு விடுவேன்."

"சிலேட்டா?"

"புஸ்தகம் படிக்கிற கருவிக்கா. இ-ரீடர்ம்பாங்க. நாங்க சிலேட்டுன்னுதான் சொல்லுவோம். அதுக்குன்னு ஒரு மெயில் அட்ரஸ் இருக்கு. அதுக்கு அனுப்புனா வயர் கியர் எதுவுமில்லாம, ஆபீஸ் வைஃபை வழியா அதுல போய் உக்காந்துக்கும். சார் எழுத்தைப் பெருசாக்கிப் படிப்பாரு."

"அதை வேற யாராச்சும் தொடுவாங்களா?"

"யாரும் தொட முடியாது. எந்நேரமும் அவரு தோள்லதான் தொங்கும்."

வாசலில் குழந்தை ஒன்று வீறிட்டது. சித்ரகலா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் கைக்குழந்தைக்கு முனீஸ் பச்சை வாத்துச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து வழியாகத் தலை பாதிதான் வந்திருந்தது. நெற்றிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சட்டைக்குள்ளிருந்து அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஏய், எம்புள்ளைய என்னய்யா பண்ற?" ராக்கம்மாள் ஓடிவந்து சட்டையை உருவினாள்.

"சைஸ் சரியா இருக்கான்னு பாத்தேன்க்கா. பிள்ளைக்கு மண்டை கொஞ்சம் பெருசு."

"உன் மண்டைய விடவா?"

நாகஜோதி எழுந்து வந்து சட்டையை வாங்கினாள். கழுத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய அளவு டேப்பை எடுத்தாள். கழுத்தை அளந்தாள், கைக்குழியை அளந்தாள், உயரத்தை அளந்தாள். முகத்தில் இருந்த சோர்வு விலகிக் குழப்பம் வந்தது.

"கழுத்து நாலரை இஞ்சு குடுத்திருந்தேன்க்கா. இதுல நாலுதான் இருக்கு. கைக்குழி மூணரை. இதுல மூணு. ஆனா உயரம் பதினொண்ணு, அது கரெக்டா இருக்கு."

"அரை வர்ற இடத்துல மட்டும் அரையைக் காணோம்," என்றாள் சித்ரகலா.

"ஆமா. அரை வர்ற எல்லா இடத்துலயும்."

"உன் ஷீட்டுல வாத்து மஞ்சள்னு எழுத்துல எழுதியிருப்பியா?"

"எழுத மாட்டேன். படத்துலயே கலர் இருக்கும்ல. துணிக் கலர் அட்டை தனியா கவர்ல போகும்."

சித்ரகலா அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். பெரியகருப்பன் அப்போதும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க பொண்ணு இதைத் திருடலீங்க," என்றாள் அவரிடம். "அவ திருடியிருந்தா அந்தக் குழந்தைக்குச் சட்டை சரியா இருந்திருக்கும்."

*

வேலுமணியின் கம்பெனியில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. வெட்டு மேஜை காலியாகக் கிடந்தது. தையல் மெஷின்களில் சிலவற்றை உறை போட்டு மூடியிருந்தார்கள். அவருடைய அறையில் சித்ரகலா அவர் சொல்வதற்குள்ளாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கால் அவ்வளவு கடுத்தது.

"உங்க சிலேட்டைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?"

அவர் தயங்கித் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கை அகலத்தில் வெள்ளைச் சட்டம், நடுவில் செய்தித்தாள் நிறத்தில் ஒரு திரை.

"ஏதுங்ணா இது?"

"ஒரு ஃபாரின் பயர் குடுத்ததுங்க." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதில் முதலில் வந்தது ஒரு சரித்திர நாவலின் பக்கம். பழைய தமிழ்ப் புத்தகத்தை யாரோ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலின் நிழல்கூட ஓரத்தில் விழுந்திருந்தது. அதைத் தாண்டிப் போய் நாகஜோதியின் ஷீட்டைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வாத்து. இன்னும் கொஞ்சம் கறுத்த சாம்பலில் குடை. கீழே அளவுகள்.

"கழுத்து நாலுன்னு போட்டிருக்குதுங்களே?"

"அது நாலரைங்க அம்மிணி. இதுல ஏறும்போது ஷீட்டைத் தன் தோதுக்கு மாத்திக்குது. அதுல அரை விழுந்துருது. பதினொண்ணுன்னா பதினொண்ணு வரும், நாலரைன்னா நாலுதான் வரும். எனக்குப் பழகிப்போச்சு. எங்க அரை வரும்னு தெரியும், மனசுல சேத்துப் படிச்சுக்குவேன்."

சித்ரகலா பச்சை வாத்துச் சட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"அப்படிச் சேத்துப் படிக்கத் தெரியாதவன் தெச்சதுங்க இது. இதுக்குள்ள எந்தக் குழந்தை தலையும் போகாது. நாங்க போட்டே பாத்துட்டோம்."

வேலுமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாராச்சும் கறுப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுத்திருந்தா?" என்றான் முனீஸ்.

"ஜெராக்ஸ்ல கலர் போகும், அரை போகாது. ரெண்டும் சேந்து போற எடம் இது ஒண்ணுதான். நாகஜோதி கம்ப்யூட்டர்ல ரெண்டுமே இருக்குது. அங்கிருந்து போயிருந்தா மஞ்ச வாத்து, நாலரைக் கழுத்தோட போயிருக்கும்."

"இது என் தோளை விட்டு எறங்குனதே இல்லீங்க!"

"எறங்க வேண்டியதில்லீங்ணா. வயர் இல்லாம வர்றது உங்களுக்கு மட்டுந்தான் வருதுன்னு என்ன நிச்சயம்?"

முனீஸ் அந்தக் கருவியை வாங்கி, அதன் அமைப்புகள் இருந்த பக்கத்துக்குப் போய் அவளிடம் காட்டினான். ஆங்கிலத்தில் நாலு வரி. அவள் சற்று நேரம் அதையே பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான், அவன் வாழ்க்கையில் அது அபூர்வமாக நடப்பது.

"முனீசு, இங்க ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு மெயில் ஐடி திற. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத பேர்ல. அதுல இருந்து இந்தச் சிலேட்டுக்கு நான் சொல்றதை அடிச்சு அனுப்பு."

கருவிக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தான். அனுப்பிவிட்டு டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. புதிதாக ஒன்று வந்திருந்தது. வேலுமணி எழுத்தைப் பெரிதாக்கித் தடுமாறித் தடுமாறிப் படித்தார்.

'பச்சை வாத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு. நாகஜோதி என்ற பெண்ணை நாளைக்குப் போலீஸில் கொடுக்கப் போகிறார்கள். கல்யாணம் நிற்கப் போகிறது. அவள் திருடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இன்று பொழுது சாய்வதற்குள் முதலிபாளையம் வாருங்கள்.'

அவர் முகம் வெளிறியது. "முன்னப் பின்னத் தெரியாதவன் போட்டாலும் உள்ள வந்துருமுங்களா?"

"வந்துருச்சே. இன்னார் அனுப்பினா மட்டும் வாங்குன்னு இதைப் பூட்டி வெக்க வழியிருக்குதுங்க. ஆனா பூட்டினா, புதுசா ஒவ்வொருத்தர் அனுப்பறதுக்கும் பேர் சேர்க்கணும். அந்தச் சிரமம் வேண்டாம்னு யாரோ தொறந்தே விட்டிருக்காங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, இதே கணக்குல ரெண்டாவதா ஒரு சிலேட்டு இருக்குது. இங்க வர்றதெல்லாம் அங்கயும் போகுது."

"எவன் கையில?"

"அவரைத்தான் வரச் சொல்லியிருக்குது."

வேலுமணி எழுந்துவிட்டார். "கேட்ல நாலு ஆளை நிறுத்தறேன்."

"வேண்டாங்ணா. ஆளுக நின்னா வர்றவரு திரும்பிப் போயிருவாரு."

காத்திருந்தார்கள். வேலுமணி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். சித்ரகலா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்குகிறாளா யோசிக்கிறாளா என்று முனீஸுக்கே தெரியவில்லை.

"தூங்கல," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். "கல்யாண விசாரணையில பொய் சொல்ற மாப்பிள்ளைகளைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. உண்மை சொல்ல ஒருத்தராச்சும் தானா வர்றாங்களான்னு பாக்கறேன்."

வெயில் மஞ்சளாகி ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் நீண்டபோது வாட்ச்மேன் நல்லான் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஐயா, சின்ன முதலாளி வந்திருக்காருங்க. கேட்டுக்கு வெளியவே நிக்கறாரு. நீங்க உடக்கூடாதுன்னு சொல்லியிருக்கறீங்க... உடட்டுங்களா?"

வேலுமணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"விடுங்க," என்றாள் சித்ரகலா.

*

அருள்குமாருக்கு அப்பாவின் முகம், அப்பாவைப் போலவே தடித்த கண்ணாடி. அவன் உள்ளே வந்து பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். அதே வெள்ளைச் சட்டம், அதே சாம்பல் திரை. அதில் முனீஸ் அடித்த அதே வரிகள்.

"மத்தியானம் சாப்பிட ஊட்டுக்குப் போனப்ப பாத்தேனுங்க. அந்தப் புள்ளை விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாதுங்கப்பா."

வேலுமணி மகனைப் பார்க்காமல் சித்ரகலாவைப் பார்த்தார். "உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா அம்மிணி?"

"சிலேட்டுலயே பேர் இருந்துச்சுங்க. கணக்கு அருள்குமார் பேர்லன்னு. ஃபாரின் பயருக்கு நம்மூர்ப் பேர் இருக்காதுங்களே."

வேலுமணி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மகன் தன் இஷ்டத்துக்குப் பிரியங்காவைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவனுடன் பேச்சில்லை. அவன் போன் செய்தாலும் அவர் எடுப்பதில்லை. ஒருநாள் அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு கொரியர் வந்தது.

"கவர்ல கையெழுத்தைப் பாத்தேன்," என்றார். "இவனுதுன்னு தெரிஞ்சுது. திருப்பி அனுப்பியிருக்கணும். அனுப்ப மனசு வரலை. ஆபீஸ்ல கேட்டவங்களுக்கு பயர் குடுத்ததுன்னு சொல்லிப்போட்டேன்."

"அந்த ஒரு பொய்யை எங்கிட்டயும் சொன்னீங்க," என்றாள் சித்ரகலா. "முதல்லயே ஆபீஸ்ல உண்மையைச் சொல்லியிருந்தா சிலேட்டு மேலயும் சந்தேகம் வந்திருக்கும்; நேத்து நாகஜோதியை நீங்க வெளிய அனுப்பியிருக்க மாட்டீங்க." பிறகு அருள்குமாரிடம் திரும்பினாள். "டிசைன் எப்படிப் போச்சு?"

"பிரியங்காவோட அண்ணன் கம்பெனியிலதான் நான் வேலை பாக்கறேனுங்க. மேஜை மேல சிலேட்டை வெச்சுட்டுப் போயிருந்தேன். அவரு பொரட்டிப் பாத்துட்டாரு. வெட்டு மேஜையில வாத்தைப் பாத்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது. சண்டை போட்டேன். அதுல இருந்து பீரோவுல வெச்சுப் பூட்டித்தான் வெக்கறேன்."

"அப்பவே உங்கப்பாகிட்டச் சொல்லலியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா இதைத் தூக்கிப் போட்டுருவாருங்க."

"போட்டா என்ன?" வேலுமணி முதல்முறையாக மகனிடம் நேராகப் பேசினார். குரல் உடைந்து உயர்ந்தது. "எங்கம்பெனி டிசைனெல்லாம் அங்க வந்து உக்காந்துக்கும்னு தெரிஞ்சேதான் அனுப்பினயா?"

"இல்லீங்கப்பா. கம்பெனி ஷீட்டு வரும்னு நான் நினைக்கவே இல்லை. நான் உங்களுக்குப் புஸ்தகம் மட்டும் அனுப்பலாம்னு நினைச்சேன். உங்க பேர்ல கணக்குப் போட்டா நீங்க சம்மதிக்கணும். அதுக்கு உங்ககிட்டப் பேசணும். அதனால என் பேர்லயே போட்டேன். பூட்டி வெச்சா, வேற யாராச்சும் உங்களுக்கு அனுப்பறதுக்கு எனக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டி வரும். நீங்க எனக்கு போன் பண்ண மாட்டீங்க. அதனால தொறந்து விட்டேன்."

முனீஸ் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டான். அது காலியாக இருந்தது.

"அந்த நாவலெல்லாம் நீங்க ஸ்கேன் பண்ணதா?" என்று கேட்டாள் சித்ரகலா.

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. நான் நேர்ல குடுத்தா வாங்கியிருக்க மாட்டாரு. இதுல இன்னொண்ணு இருக்குதுங்க. அவரு எந்தப் பக்கத்துல நிறுத்தியிருக்காருன்னு என்னுதுலயும் காட்டும். தினமும் பாப்பேன். நடுவுல ஒரு வாரம் பக்கமே நகரலை. என்னமோ ஏதோன்னு நல்லாங்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொன்னாரு."

வாசலில் நின்ற நல்லான் தரையைப் பார்த்தார். வேலுமணி அவரைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

சித்ரகலா எழுந்தாள். "உங்க ரெண்டு பேர் விஷயத்தை அப்பறம் பேசிக்கலாமுங்க. அங்க ஒரு புள்ளை சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்குது. முதல்ல அது."

"போன்ல சொல்லிடறேன்," என்றார் வேலுமணி.

"திருடின்னு சொன்னது போன்லயா, கம்பெனி நடுவுல நின்னா?"

அவர் செருப்பை மாட்டினார்.

*

லைன் வீட்டு வாசலில் கார் நின்றதும் குழாயடிப் பேச்சு மறுபடி நின்றது. வேலுமணி உள்ளே போகவில்லை. எல்லோருக்கும் கேட்கிற இடத்தில், வாசலிலேயே நின்றார்.

"பெரியகருப்பா, தப்பு என் பேர்ல. உம்பொண்ணு ஒண்ணும் பண்ணலை. டிசைன் என் கையில இருந்த கருவி வழியாத்தான் போயிருக்குது. விசாரிக்காம வாயை விட்டுட்டேன். மாப்பிள்ளை ஊட்டு நம்பரைப் போடு, நானே சொல்றேன்."

பெரியகருப்பன் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் போனை எடுத்தார். வேலுமணி அதே வார்த்தைகளை அவர்களிடமும் சொன்னார். அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டார்கள்; எல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்றார்கள். நாகஜோதி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அத்தை, நான் நாகஜோதி பேசுறேன். காலையில அப்பாகிட்டக் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உங்களுக்குச் சந்தேகம் தீந்துருச்சு. நான் கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்றேன்."

போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வேலுமணி பக்கம் திரும்பினாள்.

"வேலைக்கு வர்றேன் சார். ஆனா நேத்து யாரு முன்னால என்னை வெளிய போகச் சொன்னீங்களோ, அவங்க முன்னால இதையும் சொல்லணும்."

"சொல்றேம்மா. காலையில ஷிப்ட் தொடங்கறப்பவே சொல்றேன்."

குழாயடியில் யாரோ குடத்தை நகர்த்தினார்கள். தண்ணீர் விழும் சத்தம் மீண்டும் கேட்டது. பெரியகருப்பன் முதல்முறையாகச் சித்ரகலாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க தாயி. கால்வலியோட நிக்கீக."

அவள் உட்கார்ந்தாள். அன்று முழுதும் யாராவது சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான் என்று தோன்றியது.

*

காரருகில் முனீஸ் இரண்டு சிலேட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, இப்பவே சரி பண்ணிடுறேன். கணக்கை உங்க பேருக்கு மாத்தி, நீங்க சொல்ற ஆளு அனுப்புனா மட்டும் வாங்குற மாதிரி பூட்டிடலாம். அதுக்கப்புறம் எந்த வாத்தும் பறந்து போகாது."

வேலுமணி சற்று யோசித்தார்.

"கணக்கை மாத்தினா, நான் எந்தப் பக்கத்துல நிறுத்தியிருக்கறேன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. ரெண்டும் தனித்தனியாயிடும்."

அருள்குமார் காரின் மறுபக்கம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து சைக்கிள்களும் வேன்களும் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன.

"கம்பெனி ஷீட்டு இனி இதுல வர வேண்டாம்," என்றார் வேலுமணி. "அதை நாகஜோதி பிரிண்ட் எடுத்துப் பெருசாக் குடுக்கட்டும். இது... இது இப்படியே தொறந்து கெடக்கட்டும்."

"யாரு வேணா என்ன வேணா அனுப்புவாய்ங்களேய்யா?"

"அனுப்பட்டும். புஸ்தகந்தானே இருக்குது உள்ள."

அருள்குமார் திரும்பினான். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அந்த நாவல்ல நீங்க நிறுத்தின பக்கத்தைத் தாண்டி நான் ஒரு நாளும் படிச்சதில்லீங்க. நீங்க படிச்சப்பறம்தான் படிப்பேன்."

வேலுமணி முனீஸ் கையிலிருந்து தன்னுடையதை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். கார்க் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

"கண்ணு வலிக்குதுன்னு நான் ரெண்டு ரெண்டு பக்கமாத்தான் படிக்கறேன்," என்றார் மகனிடம். "இத்தனை நாளா அதுக்கா காத்துட்டு இருந்தே? இனிமே கொஞ்சம் வெரசாப் படிக்கறேன்."